கேஸ் கட்டு அடமானப் பொருள் அல்ல: ஆர்.டி.சக்சேனா வழக்கும் தனி வழக்கறிஞரின் கட்டணக் கணக்கும்

தனியாக அலுவலகம் நடத்தும் வழக்கறிஞருக்குத் தொழிலில் பத்து ஆண்டுகள் கழிவதற்குள் ஒருமுறையேனும் இப்படி ஓர் அழைப்பு வந்திருக்கும்: “சார், தப்பா நினைச்சுக்காதீங்க, வேற வக்கீல் வெச்சுக்கலாம்னு வீட்டுல முடிவு பண்ணியிருக்கோம். கேஸ் கட்டை மட்டும் கொடுத்துடுங்க.” அந்த அழைப்பு வரும் நாளில் பேசிய கட்டணத்தில் பாதி வந்திருக்காது. குறுக்கு விசாரணை முடிந்து வாதத்துக்கு நிற்கும் வழக்காக இருக்கும். இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்த உழைப்பு அந்தக் கட்டுக்குள் இருக்கும். பாக்கியைத் தீர்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்ற பதில் நாக்கின் நுனிவரை வந்து நிற்கும். பலர் அதைச் சொல்லியும் விடுகிறார்கள். அந்தப் பதில் தொழில்முறைத் தவறு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று ஆர்.டி.சக்சேனா எதிர் பலராம் பிரசாத் சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது.

கட்டை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற ஒற்றை வரியாகவே இந்தத் தீர்ப்பை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அதைச் சிறிய அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரச்சினையாக எடுத்துப் படித்தால் வேறு ஒன்று தெரியவரும். காகிதத்தின் மீது வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று சொல்லும் அதே சட்டம், கட்சிக்காரருடைய பணம் கையில் இருந்தால் அதன் மீது ஓரளவு உரிமை தருகிறது. அந்த உரிமை பயன்படுமா பயன்படாதா என்பது, வழக்கை ஏற்றுக்கொண்ட நாளில் எதை எழுதி வைத்தோம் என்பதைப் பொறுத்தது.

போபாலில் நடந்தது

மத்தியப் பிரதேச வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்து, பெரும்பாலும் போபால் நீதிமன்றங்களில் தொழில் செய்துவந்த சக்சேனாவை 1990இல் அம்மாநிலக் கூட்டுறவு வங்கி தன் சட்ட ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. ஆலோசனை தருவதோடு வங்கியின் வழக்குகளையும் அவரே நடத்தினார். 1993 ஜூலை 17 அன்று வங்கி அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, தன் வழக்குகள் தொடர்பான எல்லாக் கட்டுகளையும் திருப்பித் தருமாறு கேட்டது. கட்டுகளுக்குப் பதிலாக ஒரு பில் போயிற்று. 97,100 ரூபாய் நிலுவை என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிக் காட்டிய பில் அது. தொகை வந்தபின்பே கட்டுகள் திரும்பும் என்றும் அவர் தெரிவித்தார்.

வங்கி தான் எதுவும் தர வேண்டியதில்லை என்றது. கடிதங்கள் போயின, வந்தன. கட்டுகள் இடம் பெயரவில்லை. இதற்கிடையே வழக்குகள் நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் நடந்துகொண்டிருந்தன. ஏழு மாதங்களுக்குள், 1994 பிப்ரவரி 3 அன்று, வங்கியின் மேலாண்மை இயக்குநர் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் புகார் கொடுத்தார். அதற்கு அளித்த பதிலில் வழக்கறிஞர் எதையும் மறைக்கவில்லை. கட்டுகள் தன்னிடமே இருக்கின்றன, கட்டணத்துக்காக அவற்றைப் பிடித்து வைக்கும் உரிமை தனக்கு உண்டு, பணம் வந்தால் அன்றே தருகிறேன் என்றார்.

புகார் ஓராண்டுக்குள் முடிக்கப்படாததால், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36-பி பிரிவின்படி விவகாரம் தானாகவே இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்குப் போயிற்று. அங்கே ஒழுங்கு நடவடிக்கைக் குழு, கட்டுகளைத் திருப்பித் தருவதும் குழுவின் முன் வந்து தன் தரப்பைச் சொல்வதும் அவருடைய கடமை, இரண்டையும் அவர் செய்யவில்லை என்று குறிப்பிட்டு, 18 மாதத் தொழில் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தது. கட்டுகளைத் தாமதமின்றி ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. பிடித்து வைக்கும் உரிமை உண்டா இல்லையா என்ற அடிப்படைக் கேள்விக்குள் குழு இறங்கவே இல்லை. 38ஆம் பிரிவின் கீழ் அவர் செய்த மேல்முறையீட்டில், அந்தக் கேள்வியை நீதிபதிகள் கே.டி.தாமஸ், ஆர்.பி.சேத்தி அமர்வு எடுத்துக்கொண்டது. அப்போது சக்சேனா எழுபது வயதைக் கடந்திருந்தார்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது என் கண்ணில் படுவது கட்டுகள் அல்ல, அந்த பில். தீர்ப்பில் தெரியும் வரிசையில், விலக்கல் கடிதம் வந்த பிறகுதான் அது வங்கிக்குப் போகிறது. உறவு நல்லபடியாக இருந்த மாதங்களில் வழக்குக்கு ஒன்றாகவும் கட்டத்துக்கு ஒன்றாகவும் போகும் பில்லைக் கட்சிக்காரர் மறுக்க வேண்டுமானால் அன்றே காரணம் சொல்ல வேண்டியிருக்கும். விலக்கிய பிறகு மொத்தமாக வரும் பில்லை மறுப்பதற்கு எந்தக் காரணமும் வேண்டாம். அதிலுள்ள ஒவ்வொரு தொகையும் நியாயமானதாகவே இருக்கலாம். வாங்குகிறவருக்கு அது கோபத்தில் எழுதிய காகிதமாகத்தான் தெரியும்.

171ஆம் பிரிவு ஏன் துணைக்கு வரவில்லை

வழக்கறிஞர் எடுத்த வாதம் முற்றிலும் அடிப்படையற்றது என்று சொல்லிவிட முடியாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, தமக்கு வரவேண்டிய பொதுப் பாக்கிக்கு ஈடாக, ஒப்படைக்கப்பட்ட சரக்குகளைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சிலருக்கு உரிமை தருகிறது. அந்தப் பட்டியலில் வங்கியாளர்களோடும் கப்பல்துறைக் கிடங்குக்காரர்களோடும் உயர் நீதிமன்ற அட்டர்னிகளும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு அத்தகைய உரிமை உண்டு; 1927இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆங்கிலேய நெறியைப் பின்பற்றியும் இருந்தது.

உச்ச நீதிமன்றம் ‘சரக்கு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. 171ஆம் பிரிவின் கீழ் வரும் பொருள், விற்றால் விலை போகக்கூடியதாக இருக்க வேண்டும். வழக்குக் கட்டைச் சந்தையில் யாருக்கும் விற்க முடியாது, அதைப் பணமாக்கவும் முடியாது. ஆகவே அந்தப் பிரிவு இங்கே பொருந்தாது என்றது. அதோடு நடைமுறைக் காரணம் ஒன்றையும் வைத்தது. எழுத்தறிவு இல்லாத கட்சிக்காரர்கள் ஏராளமாக உள்ள நாட்டில் இப்படி ஓர் உரிமையை அனுமதித்தால் அது சுரண்டலுக்கு வழிவிடும். நடுவழியில் வழக்கறிஞரை மாற்றும் ஒருவர் புதியவரிடம் முழுக் கட்டையும் கொடுத்தால்தான் வழக்கு நகரும். கேட்கும் தொகையைத் தர வழியில்லாதவராகவோ, தர வேண்டியதைத் தந்துவிட்டேன் என்று சொல்பவராகவோ அவர் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் பழைய வழக்கறிஞர் கட்டைப் பிடித்து வைக்க முடியாது.

இந்த முடிவு சென்னைக்குப் புதிதல்ல என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கிருஷ்ணமாச்சாரியார் எதிர் சென்னை அஃபிஷியல் அசைனி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, வெளிப்படையான ஒப்பந்தம் இல்லாதபோது அட்வகேட்டுக்கு அத்தகைய உரிமை இல்லை என்று சொல்லியிருந்தது. அது 1932இல் வெளியான தீர்ப்பு. 1943இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதைப் பின்பற்றியது. பட்னா உயர் நீதிமன்ற முழு அமர்வும் 1933இல் தீர்ப்பு நகலைக் கட்டணத்துக்காக வைத்துக்கொள்ள மறுத்திருந்தது. அப்படியிருந்தும் நம் ஊர்களில் கட்டைப் பிடித்து வைக்கும் பழக்கம் நின்றுவிடவில்லை. சட்டம் தெரியாததால் அல்ல, வேறு பிடி எதுவும் இல்லை என்று நினைப்பதால்தான் அது நிற்கவில்லை என்பது என் கணிப்பு.

தண்டனையைப் பொறுத்தவரை நீதிமன்றம் இரக்கம் காட்டியது. இந்தக் கேள்வியில் உச்ச நீதிமன்றத்தின் தெளிவான தீர்ப்பு அதுவரை இல்லை, மூத்தவரான மேல்முறையீட்டாளர் தனக்கு அந்த உரிமை உண்டென்று உண்மையாகவே நம்பியிருக்கிறார் என்பதால், 18 மாதத் தடையை வெறும் கண்டனமாகக் குறைத்தது. ஆனால் இனி இதே தவறைச் செய்கிறவருக்கு இந்தக் குறைந்த தண்டனையை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது என்றும் எழுதி வைத்தது. அந்த வரி எழுதப்பட்டுக் கால் நூற்றாண்டு ஆகிறது. நம்பினேன் என்ற பதில் இன்று யாருக்கும் கைகொடுக்காது. 2003இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்துக்கும் அதன் வழக்கறிஞர் ஒருவருக்கும் இடையிலான வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்து, கட்டணம் வேண்டுமானால் அதற்கான வழக்கைத் தனியே போட்டுக்கொள்ளலாம் என்றது.

கையில் உள்ள பணம்

இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில், கட்சிக்காரருக்கான கடமைகள் என்ற பகுதியில் 25 முதல் 31 வரையுள்ள விதிகளைப் பதிவு செய்த காலத்தில் ஒருமுறை புரட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் நம்மில் அதிகம். சிறிய அலுவலகத்தின் பொருளாதாரமே அந்த ஏழு விதிகளுக்குள் இருக்கிறது.

25ஆம் விதி, கட்சிக்காரரிடமிருந்தோ அவர் சார்பிலோ வாங்கிய தொகை, அவருக்காகச் செய்த செலவு, கட்டணமாக எடுத்துக்கொண்டது ஆகியவற்றைத் தேதியோடு எழுதிய கணக்கு வேண்டும் என்கிறது. வாங்கும் ஒவ்வொரு தொகையும் கட்டணமா செலவுக்கா என்று குறிக்க வேண்டும் என்பதும், வழக்கு நடக்கும்போது செலவுக்குக் கொடுத்த பணத்தைக் கட்சிக்காரரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் கட்டணத்துக்கு மாற்றக் கூடாது என்பதும் 26ஆம் விதி. நடவடிக்கை முடிந்தபின், செலவுக்கு வாங்கியதில் மீதமுள்ளதையும் அந்த நடவடிக்கையில் கைக்கு வந்த தொகையையும், பேசி முடித்த கட்டணத்துக்கு வரவு வைத்துக்கொள்ள 28ஆம் விதி அனுமதிக்கிறது. கட்டணம் பேசப்படாமலே விட்டிருந்தால்? அப்போது 29ஆம் விதிப்படி, அந்தந்த நீதிமன்றத்தின் விதிகளில் உள்ள கட்டணத்தையோ அதற்குள் பேசி முடித்ததையோ மட்டுமே கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். நீதிமன்ற விதிகளில் உள்ள கட்டணத்தை நாம் உண்மையில் வாங்குவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ‘கட்டணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்’ என்று பெருந்தன்மையாகச் சொன்ன வாக்கியத்தின் விலை தெரியும்.

இந்த விதிகளைச் சக்சேனா தீர்ப்போடு சேர்த்துப் படித்தால் நமக்குக் கிடைக்கும் பிடி எது என்பது தெளிவாகிறது. அதிலும் ஓர் இடைவெளி உண்டு: 28, 29ஆம் விதிகள் நடவடிக்கை முடிந்த பின்னரான நிலையைத்தான் பேசுகின்றன. நடுவழியில் வழக்கறிஞர் மாற்றப்படும்போது வழக்கு முடிந்திருக்காது. அந்த நேரத்தில் கையிலுள்ள செலவுப் பணத்தைத் தொட 26ஆம் விதியின் எழுத்துமூல ஒப்புதல் தேவைப்படும். சண்டை வந்த பிறகு அந்த ஒப்புதலை யாரும் தரமாட்டார்கள். ஆகவே முதல் நாள் ஒப்பந்தத் தாளிலேயே, ‘என்னை விடுவிக்கும் நாளில் செலவுக் கணக்கில் மீதம் இருந்தால், அதுவரை முடிந்த கட்டங்களுக்கான கட்டணத்துக்கு அதை வரவு வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்ற வாக்கியம் இருக்க வேண்டும். என்னுடைய தாளில் பல ஆண்டுகளாக அது இருக்கிறது. அதைக் காட்டி மறுத்த கட்சிக்காரரை நான் இதுவரை பார்க்கவில்லை.

செலவுப் பணத்தைக் கட்டணத்தோடு கலப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாநிலத்திலிருந்தே ஒரு வழக்கு உண்டு. 1978இல் உச்ச நீதிமன்றம் முடித்த ரங்கதுரை எதிர் கோபாலன் வழக்கில், வயதான தம்பதியர் இரண்டு கடன் பத்திரங்களின் பேரில் வழக்குப் போடப் பணம் கொடுத்திருந்தார்கள். வழக்குகள் தாக்கல் செய்யப்படவே இல்லை, தாக்கலாகி வாய்தாவில் இருப்பதாகவே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மாநில மன்றம் விதித்த ஆறு ஆண்டுத் தடையை இந்திய வழக்கறிஞர் மன்றம் ஓராண்டாக்கியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யரின் பெரும்பான்மைத் தீர்ப்பு, அந்தக் காலத்தில் ஒரு பகுதியை இலவசச் சட்ட உதவிப் பணியாக மாற்றியது. அங்கே நடந்தது கணக்குக் குழப்பத்தைவிடப் பெரிய தவறு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நீதிமன்றக் கட்டணத்துக்கென்று வாங்கிய தொகை அலுவலக வாடகைக்குப் போன மாதத்தில் தாக்கல் ஒரு வாரம் தள்ளிப்போவதும், அது ஒரு மாதமாவதும், கட்சிக்காரரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பதும் எப்படித் தொடங்கும் என்பது தனி அலுவலகம் நடத்தும் எவருக்கும் தெரியும். செலவுப் பணத்துக்கென்று வங்கியில் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து வைப்பது விதி கட்டாயப்படுத்தும் காரியம் அல்ல. ஆனாலும் அலுவலகம் தொடங்கும் ஜூனியர் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கட்டு திறக்கும் நாள்

ஒப்பந்தத் தாள் என்றதும் பத்துப் பக்க ஆங்கில ஆவணம் நினைவுக்கு வர வேண்டாம். கட்சிக்காரருக்குப் புரியும் தமிழில் இரண்டு பக்கம் போதும். அதில் முக்கியமானது மொத்தத் தொகையைவிட, அந்தத் தொகை எந்தெந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்ற பிரிப்புத்தான். பிராது தாக்கல், இடைக்கால மனுக்கள், பதிலுரை வந்தபின் எழுவினாக்கள் (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்), சாட்சி விசாரணை, வாதம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொகையும் தவணை நாளும் எழுத வேண்டும். பேசிய தொகையில் மேல்முறையீடும் நிறைவேற்று மனுவும் அடங்காது என்றும் எழுத வேண்டும். இந்த ஒரு வாக்கியம் இல்லாததால் தீர்ப்பு கிடைத்த பின்பும் இரண்டு ஆண்டுகள் அமீனாவின் பின்னால் இலவசமாக அலைந்தவர்களை நான் அறிவேன்; அவர்களில் நானும் ஒருவன். கட்டவாரியாகப் பிரித்திருந்தால், நடுவழியில் விடுவிக்கப்படும்போது எவ்வளவு பாக்கி என்ற கேள்விக்கு இரு தரப்பும் ஒரே காகிதத்தைப் பார்க்கும். சக்சேனா வழக்கில் ஒரு தரப்பு 97,100 என்றது, மறு தரப்பு ஒன்றுமே இல்லை என்றது. அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் வைத்துப் பார்க்க இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று இருந்ததாகத் தீர்ப்பில் எங்கும் தெரியவில்லை.

கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று எழுதுவது மட்டும் கூடவே கூடாது. 20ஆம் விதி அதைத் தடுக்கிறது. மோட்டார் விபத்து இழப்பீடு தொடர்பான பி.சுனிதா வழக்கில், கட்சிக்காரரிடம் கட்டணமாக வாங்கிய 10 லட்சம் ரூபாய் காசோலை திரும்பியதும் வழக்கறிஞர் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுத்தார்; 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டில் விழுக்காடாகக் கேட்கும் கட்டணம் சட்டவிரோதம் என்று சொல்லி அந்த நடவடிக்கையையே ரத்து செய்தது. கட்டைப் பிடித்து வைப்பவருக்கும் வெற்றுக் காசோலை வாங்கி வைப்பவருக்கும் எண்ணம் ஒன்றுதான். இரண்டுமே சட்டத்தின் முன் நிற்கவில்லை.

பணம் வாங்கும் ஒவ்வொரு முறையும் ரசீது வேண்டும். ரசீதுப் புத்தகம் வைக்க முடியாத அவசரத்தில் குறைந்தது வாட்ஸ்அப்பில் ‘இன்று பெற்றது இவ்வளவு, இதில் கட்டணம் இவ்வளவு, நகல் மனுச் செலவுக்கு இவ்வளவு’ என்று அன்றே அனுப்பிவிடலாம். பின்னாளில் அதைச் சாட்சியமாகக் காட்ட 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்று தேவைப்படும் என்பதால், கைபேசி மாற்றும்போது பழைய உரையாடல்களை அழியவிடக் கூடாது. நிறுவனங்கள் கட்சிக்காரராக இருந்தால் அவை கட்டணத்தில் பிடிக்கும் வருமான வரி நம் கணக்கில் வந்து நிற்கும். எந்தத் தேதியில் எந்தத் தொகையைக் கட்டணமாக ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை அதையும் நம் பேரேட்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அன்றே கடிதம் எழுத வேண்டும். வங்கி, காப்பீட்டு நிறுவனம் போன்றவற்றின் பேனலில் இருப்பவர்கள் இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. அந்த நிறுவனங்களில் மேலாளர் மாறுவார், நம்மிடம் வாய்மொழியாகப் பேசியதும் அவரோடு மாறிப்போகும்.

பாக்கி வரவில்லை என்றால் முதலில் விலக வேண்டியவர் வழக்கறிஞர்தான், கட்சிக்காரர் வந்து விலக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. இரண்டு கட்டங்களுக்கான தவணை தவறியபின் மூன்றாவது கட்டத்துக்குள் நுழைவது பெருந்தன்மையும் அல்ல, தொழிலும் அல்ல. ஆனால் சாட்சி கூண்டில் நிற்கும் நாளில் விலக முடியாது. போதிய காரணமும் நியாயமான முன்னறிவிப்பும் வேண்டும், உழைக்காத பகுதிக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 12ஆம் விதி சொல்கிறது. உரிமையியல் வழக்கில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 3, விதி 4இன்படி நீதிமன்றத்தின் அனுமதியும் தேவை. நான் கடைப்பிடிப்பது இது: தவணை தவறினால் ஒரு நினைவூட்டல், முப்பது நாள் கழித்து விலகப் போவதாகப் பதிவு அஞ்சலில் அறிவிப்பு, அதன்பின் அனுமதி மனு. அறிவிப்பு போனதும் பெரும்பாலும் பணம் வந்துவிடுகிறது. வராதவற்றில் மூன்று ஆண்டுகள் கழித்து வரப்போகும் கசப்பாவது தவிர்ந்துபோகிறது.

கட்டை ஒப்படைத்தல்

அலுவலகம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு கட்சிக்காரர் தன் கட்டைக் கேட்டு வந்தார். பாக்கி எதுவும் இல்லை, மனக்கசப்பும் இல்லை. கட்டை எடுத்துக் கொடுத்தேன். நான்கு மாதங்கள் கழித்து, அதிலிருந்த மூலப்பத்திரம் ஒன்று காணவில்லை என்று நோட்டீஸ் வந்தது. நான் கொடுத்தேனா, அவர் தொலைத்தாரா, ஆரம்பத்திலிருந்தே நகல்தான் இருந்ததா என்பதற்கு என்னிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. கடைசியில் அந்தப் பத்திரம் அவர்கள் வீட்டுப் பீரோவிலேயே கிடைத்தது; ஆனால் அதுவரை நான் தூங்கிய இரவுகள் குறைவு. அன்றுமுதல் அசல் ஆவணம் எது உள்ளே வந்தாலும் குமாஸ்தா ஒரு பதிவேட்டில் தேதி, ஆவண எண், கொடுத்தவர் கையெழுத்து மூன்றையும் வாங்குகிறார். முடிந்தவரை அசலை வாங்காமல், ஸ்கேன் எடுத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியீடு செய்யும் நாளன்று கொண்டுவரச் சொல்கிறோம்.

ஒப்படைக்கும்போது கட்சிக்காரரின் அசல்கள், சான்றிட்ட நகல்கள், தாக்கல் செய்தவற்றின் பிரதிகள், எதிர்த்தரப்பு தந்தவை என எல்லாம் போக வேண்டும். என் கைக்குறிப்புகளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். பட்டியல் இரண்டு பிரதி. பட்டியலின் தலையில் வழக்கு எண்ணும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும், அடியில் அடுத்த வாய்தா தேதியும் அன்று என்ன நடக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். கட்டைக் கொடுத்துவிட்டு வாய்தா தேதியைச் சொல்லாமல் விட்டு, அன்று வழக்குத் தள்ளுபடியானால் கட்டைக் கொடுத்ததன் பயன் என்ன?

புதிய வழக்கறிஞருக்கு வக்காலத்தில் ஆட்சேபணையில்லை என்று எழுதித் தர மறுப்பது, கட்டைப் பிடித்து வைப்பதன் இன்னொரு வடிவம் என்றே நான் பார்க்கிறேன். பழைய வழக்கறிஞரின் சம்மதம் வேண்டும் என்று 39ஆம் விதி சொல்வது உண்மை. அதே விதி, சம்மதம் கிடைக்காவிட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்ற அனுமதியோடு ஆஜராகலாம் என்றும் சொல்கிறது. மறுத்தால் தள்ளிப்போவது சில வாய்தாக்கள்தான், பாக்கி வந்துவிடாது. மறுபுறம், வழக்கை ஏற்கும் புதியவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. முந்தைய வக்கீலுக்குப் பாக்கி ஏதும் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் அதை முடித்துவிட்டு வரச் சொல்லும் சீனியர்கள் முன்பு இருந்தார்கள். விலக்கப்பட்ட வழக்கறிஞருக்குக் கட்டைத் திருப்பித் தரும் கடமை இருப்பதுபோல், நியாயமான கட்டணத்தைத் தரும் கடமை கட்சிக்காரருக்கு உண்டு என்று சக்சேனா தீர்ப்பே சொல்கிறது. அந்தப் பகுதியை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பாக்கிக்கு வழக்குப் போடும் உரிமை 1926ஆம் ஆண்டு சட்டத் தொழிலர் கட்டணச் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டணத்தைத் தனி ஒப்பந்தமாகப் பேசி முடிக்கவும், அது வராவிட்டால் வழக்குத் தொடரவும் அது வழிசெய்கிறது. கவனக்குறைவுக்காகக் கட்சிக்காரர் நம்மீது வழக்குப் போடுவதையும் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுக்கவில்லை. கட்டண வழக்கு போட்டால் பதிலுரையில் கவனக்குறைவு என்ற சொல் வந்தே தீரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். பாக்கி சிறியதாக இருந்தால் விட்டுவிடுவதே மேல் என்று நினைக்கிறேன். எது சிறியது என்பது அவரவர் அலுவலக வாடகையைப் பொறுத்தது.

வழக்குப் போடுவதென்று முடிவானால் காலவரையறை 3 ஆண்டுகள். கட்டவாரியாகத் தவணை நாள் எழுதியிருந்தால் ஒவ்வொரு கட்டத்தின் பாக்கிக்கும் கடிகாரம் அதனதன் நாளிலிருந்து ஓடத் தொடங்கியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. எழுவினாக் கட்டத்தின் பாக்கி, வாதக் கட்டம் வரும்போது காலாவதியாகியிருக்கலாம். அதனால் ஒப்படைப்புப் பட்டியலின் கீழ் ஒரு வரி தனியாக விட்டு, இன்றைய தேதியில் தர வேண்டிய பாக்கி இவ்வளவு என்று எழுதிக் கட்சிக்காரரிடம் கையெழுத்துக் கேட்க வேண்டும். காலம் முடிவதற்குள் எழுத்தில் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். அவர் கையெழுத்திட மறுத்தாலும் கட்டு அன்றே போக வேண்டும். மறுத்ததை நம் பிரதியில் எழுதிக்கொண்டு, அதே தொகையைச் சொல்லும் கடிதத்தை மறுநாளே பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டு, அஞ்சல் ரசீதையும் பட்டியலையும் ஒன்றாகத் தைத்து வைத்துக்கொள்ளலாம்.